நாஷ்டா முதல் ராத்திரிக் குழம்பு வரை: வட சென்னை அடுப்படிக் கோளாறுகளும் தீர்வும்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வேலைநாள் காலையில் அடுப்படிக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் நாஷ்டா, பிள்ளைகளின் மதிய டப்பா, மணலிக்கோ எண்ணூருக்கோ ஷிஃப்ட் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு எல்லாம் முடிந்தாக வேண்டும். நடுவில் ஒன்று கைவிட்டால் திரும்பச் செய்ய நேரம் கிடையாது. காலையில் கண்ணில் படுகிற கோளாறு பெரும்பாலும் முந்தின ராத்திரியே உண்டானது. சிலது கடையில் வாங்கும்போதே உண்டானது. அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் இப்போது எப்படிச் சமாளிப்பது, அடுத்த தடவை எந்த இடத்தில் கைவைப்பது என்று இரண்டையும் சொல்கிறோம். அளவெல்லாம் நாலு பேருக்கு. ஒரு கப் என்றால் 200 கிராம் அரிசி பிடிக்கும் கப்.

மாவு பொங்கவே இல்லை

இட்லித் தட்டை எடுத்து வைத்துவிடுங்கள். பொங்காத மாவில் இட்லி ஊற்றினால் கல்லு மாதிரிதான் வரும். சோடா உப்பு போட்டும் பயனில்லை. மாவில் புளிப்பு இருந்தால்தான் அது நுரைக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிசாகத் தோசை வார்த்தால் அன்றைய நாஷ்டா தப்பிக்கும்.

காரணம் தேடும்போது முதலில் உளுந்தைப் பாருங்கள். ஆட்டி முடித்ததும் ஒரு சொட்டு உளுந்து மாவை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் மாவில் காற்று ஏறவில்லை, இன்னும் ஆட்ட வேண்டும். கிரைண்டரில் 25 முதல் 30 நிமிஷம் ஆகும். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து விட வேண்டும். மிக்ஸி என்றால் ஐஸ் தண்ணீர் கட்டாயம். ஜாரைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். மாவைப் பொங்கவைக்கும் லூகோநாஸ்டாக் என்கிற நுண்ணுயிரி வெளியிலிருந்து வருவதில்லை, உளுந்தோடேயே வருகிறது. ஜார் சூட்டில் அது அடிபட்டுவிடும்.

அடுத்தது அளவு. இட்லி அரிசி 4 கப், தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசி 4 மணி நேரம் ஊற வேண்டும். உளுந்தும் வெந்தயமும் ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். இதில் சுமார் 50 இட்லிக்கு மாவு கிடைக்கும், அதாவது நாலு பேருக்கு மூன்று வேளை. உடைத்த உளுந்தும் பழைய உளுந்தும் இதே அளவில் அத்தனை பொங்காது. கால் கப் கூடுதலாகப் போடுங்கள்.

மூன்றாவது பருவம். மார்கழி ராத்திரியில் மாவு எழும்ப 10 முதல் 12 மணி நேரம் கேட்கும். அந்த மாதங்களில் சாயந்திரம் ஆறு மணிக்கே ஆட்டி, உப்பைக் காலையில் சேருங்கள். உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஏசி ஓடும் அறையில் வைத்தால் மே மாதத்திலும் மாவு தூங்கும்.

மாவு புளித்து வழிந்துவிட்டது

இது சித்திரை, வைகாசிக் கோளாறு. கடலோரப் புழுக்கத்தில் ராத்திரியும் சூடு இறங்காது. 6, 7 மணி நேரத்தில் மாவு தயாராகிவிடும். எட்டு மணிக்குக் கரைத்து வைத்தால் விடியற்காலை மூன்று மணிக்கே எழும்பிவிடும். அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணியும் புளிப்புதான்.

புளித்த மாவில் இரண்டு கப்புக்கு ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு, ஒரு வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி சேர்த்துக் குழிப்பணியாரமோ ஊத்தப்பமோ ஊற்றுங்கள். தோசையாக வார்த்தால்தான் புளிப்பு தூக்கலாகத் தெரியும்.

அடுத்த தடவை ஆட்டின மாவை இரண்டாகப் பிரியுங்கள். மறுநாள் காலைக்கானது மட்டும் உப்புப் போட்டு வெளியே இருக்கட்டும். மீதியை உப்பில்லாமல் நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, தேவைப்படும் நாளுக்கு முந்தின ராத்திரி வெளியே எடுத்து, உப்புப் போட்டுக் கலந்து வையுங்கள். இப்படி வைத்தால் மூன்றாம் நாளும் இட்லி கிடைக்கும். மொத்த மாவையும் ஒரே குண்டானில் புளிக்கவைத்துவிட்டு அப்புறம் ஃபிரிட்ஜுக்குள் தள்ளும் பழக்கம்தான் வார நடுவில் மாவு புளித்துப்போவதற்குக் காரணம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருந்தால் வழியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் மாவுப் பாக்கெட் ஏற்கெனவே புளித்தது. அதை மறுபடி வெளியே வைக்க வேண்டாம்.

ரேஷன் அரிசியை ஊறவைத்தால் வெள்ளையாக மிதக்கிறது

அது பிளாஸ்டிக் இல்லை. சத்து சேர்த்த அரிசி. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்று கலந்திருப்பார்கள். பொறுக்கி எறியாதீர்கள், அப்படியே ஆட்டலாம், வடிக்கலாம். ரேஷன் புழுங்கலில் இட்லி நன்றாகவே வரும், ஐந்து மணி நேரம் ஊறவிட்டால் போதும்.

பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை

கரண்டியால் கடைந்தால் தோல் தோலாக நிற்கிறதா? முதல் சந்தேகம் பருப்பின் மேல் வேண்டாம், தண்ணீரின் மேல் வையுங்கள். மீஞ்சூர் தொடங்கி இந்தக் கடற்கரை ஓரமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குக்கரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நடு விதை நிற்கும். போர் தண்ணீர் அரிசி கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் இருக்கட்டும். பருப்புக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். ஒரு கப் பருப்புக்கு மூன்று கப், அதாவது சுமார் முக்கால் லிட்டர். கேன் தண்ணீர் என்றாலும் செலவு பெரிசில்லை.

புளி, தக்காளி, உப்பு மூன்றும் பருப்பு வெந்த பிறகு. புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு மலராது. நேரம் இல்லை என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போடும் வீடுகளில் சாம்பார் திப்பிதிப்பியாக வருவது இதனால்தான். தக்காளியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து அதே குக்கருக்குள் இறக்குங்கள். நேரமும் மிச்சம், பருப்பும் வேகும்.

தண்ணீர் சரி, புளியும் போடவில்லை, இன்னும் வேகவில்லை என்றால் அது பழைய பருப்பு. வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மஞ்சள் தூள், நாலு சொட்டு நல்லெண்ணெயோடு ஐந்து விசில் விட்டு, தீயைக் குறைத்து ஐந்து நிமிஷம் வையுங்கள். சோடா உப்பு போடுவதென்றால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மீறினால் சோப்பு ருசி வரும். ரேஷனில் துவரம் பருப்புக்குப் பதிலாகச் சில சமயம் வரும் கனடா பருப்புக்கு இத்தனை பாடு தேவையில்லை. இரண்டே விசில், அதற்கு மேல் போனால் கூழ்.

குக்கரில் விசில் வரவில்லை, ஓரத்தில் ஆவி போகிறது

காஸ்கெட்டைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. அன்றைக்கு ஓட்ட, பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் கொஞ்சம் இறுகிப் பிடிக்கும்; சாயந்திரமே புதுசு வாங்கிவிடுங்கள். ஓரத்தில் ஆவி போகாமலும் விசில் வராமலும் இருந்தால் ஆவிக் குழாயில் பருப்பு நுரை அடைத்திருக்கும். அடுப்பை அணைத்து, ஆவி முழுக்க இறங்கிய பிறகு வெயிட்டை எடுத்து, குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் ஊசியால் குத்திக் கழுவுங்கள். பருப்பு வைத்தாலும் அரிசி வைத்தாலும் குக்கரில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சேஃப்டி வால்வ் ஒரு தடவை உருகிவிட்டால் அந்தக் குக்கர் கம்பெனியின் வால்வையே வாங்கிப் போடுங்கள். மலிவு வால்வ் ஆபத்து, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மதிய டப்பா திறந்தால் வாடை அடிக்கிறது

பிள்ளை சாப்பிடாமல் கொண்டுவந்துவிட்டது என்று திட்டுவதற்கு முன் டப்பாவை முகர்ந்து பாருங்கள். சோறு நூல் விட்டாலோ, மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தாலோ தப்பு காலையில் கட்டின விதத்தில். அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள், மறுபடி சுடவைத்துக் கொடுக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சை விடும். அந்த நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அழியாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சோறு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆபத்து. ஏழு மணிக்குக் கட்டி பன்னிரண்டரைக்குத் திறக்கும் டப்பா ஐந்தரை மணி நேரம் இந்தச் சூட்டில்தான் கிடக்கிறது. ஆகவே என்ன கட்டுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

புளிப்பு உள்ள சோறு தாங்கும். எலுமிச்சை சாதம், புளி சாதம், தக்காளி சாதம் மூன்றுக்கும் முன்னுரிமை கொடுங்கள். புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்துவிடலாம். 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை சுண்டவிடுங்கள். ஈரமில்லாத பாட்டிலில் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு, தேங்காய்ச் சட்னி இரண்டும் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை டப்பாவுக்கு வேண்டாம். இட்லி கட்டினால் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி போதும். அரைவேக்காட்டு வெங்காயமும் சீக்கிரம் ஊசும்.

தயிர் சாதம் மதியத்துக்குள் புளிக்கிறது என்றால் தயிர் அதிகம். ஒரு கப் குழைந்த சோற்றுக்கு ஒரு கப் காய்ச்சி ஆறின பால், ஒன்றரை ஸ்பூன் தயிர். சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே கலக்க வேண்டும். அதைவிடச் சூடாக இருந்தால் தயிர் உறையாது. போகிற வழியில் அதுவே உறைந்து, பன்னிரண்டு மணிக்குப் புளிக்காத தயிர் சாதமாக இருக்கும்.

சாதம் எதுவானாலும் அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே பத்து, பதினைந்து நிமிஷம் ஆறவிட்டுக் கட்டுங்கள். டப்பா காய்ந்திருக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். வெளிப்பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் டப்பாவிலும் அந்த வளையத்தின் அடியில் முந்தின நாள் குழம்பு ஒட்டியிருக்கும். பிள்ளைகள் 'வாடை' என்று சொல்வது பல வீடுகளில் அதைத்தான்.

சப்பாத்தி மதியத்துக்குள் விறைக்கிறது

மாவு கெட்டி, கல் சூடு குறைவு, இரண்டில் ஒன்று. 250 கிராம் கோதுமை மாவுக்கு 160 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 20 நிமிஷம் மூடி வைத்தல். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு ஒரு நிமிஷத்துக்குள் எடுத்துவிடுங்கள். குறைந்த தீயில் நிதானமாகச் சுட்டால் ஈரமெல்லாம் போய் அப்பளமாகும்.

மீன் குழம்பில் மீன் உடைகிறது, மசாலா பச்சை வாசனை அடிக்கிறது

இரண்டும் ஒரே தப்பிலிருந்து வருகின்றன. குழம்பு கொதித்து அடங்குவதற்குள் மீனைப் போட்டுவிடுகிறோம். மசாலா வேகும் வரை கொதிக்கவிட்டால் மீன் கரைகிறது, மீனுக்காக அணைத்தால் மசாலா பச்சையாக நிற்கிறது. அரை கிலோ மீனுக்கு 30 கிராம் புளி, 150 கிராம் சின்ன வெங்காயம், 2 தக்காளி, இரண்டரை மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூள், 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், 700 மில்லி தண்ணீர். மீன் இல்லாமலேயே 15 நிமிஷம் கொதிக்கட்டும். ஓரத்தில் எண்ணெய் மிதந்து, கரண்டியில் எடுத்தால் ஒட்டி வழியும் பதம் வந்ததும் தீயைக் குறைத்து மீனைப் போடுங்கள். வஞ்சிரத் துண்டுக்கு 8 நிமிஷம், சங்கராவுக்கு 6, நெத்திலிக்கு 3. கரண்டி போடாமல் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துச் சுழற்றுங்கள்.

வாடை தாங்கவில்லை என்றால் வயிற்றுப் பகுதியில் இருக்கும் கறுப்புத் தோலையும் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் கட்டியையும் பாருங்கள். காசிமேட்டில் வெட்டிக்கொடுக்கும் அக்காவிடம் "வயித்துக் கறுப்ப எடுத்துடுக்கா" என்று கேட்டால் எடுத்துத்தருவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்காவிட்டால் விட்டுப்போகும். வீட்டில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றுங்கள்.

மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, உதடு அரிக்கிறது

எல்லோரும் 'அலர்ஜி' என்று விட்டுவிடும் இதை விவரமாகச் சொல்ல வேண்டும். சூரை, அயிலை என்கிற கானாங்கெளுத்தி, வஞ்சிரம் மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் ஊறும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது போகாது. மீனைப் பார்த்தும் சட்டென்று தெரியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவப்பு, அரிப்பு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு வரும். மீதி மீனைக் கொட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நாக்கு வீங்கினாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பது வாங்கும் இடத்திலேயே. செவுள் ரத்தச் சிவப்பா, கண் புடைத்து இருக்கிறதா, சதையை அழுத்தினால் மேலே வருகிறதா என்று பாருங்கள். அங்கேயே ஐஸ் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மீனை வாங்கிவிட்டுக் காய்கறி, மளிகை என்று ஒரு மணி நேரம் சுற்றாதீர்கள். மற்றதை முடித்துவிட்டுக் கடைசியாக மீன் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் புதன்கிழமைக் குழம்புக்கும் ஆகும். ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். காலையில் வெளியே வைத்து உருகவிட வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும், விலையும் ஏறும். அந்த இரண்டு மாதத் திட்டத்தில் வாரத்துக்கு ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் ஒரு நாள் முட்டைக் குழம்பும் வைத்துவிடுங்கள். கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு மூன்று முறை அலசினால் உப்பு இறங்கும்.

வாரத் திட்டம் புதன்கிழமையோடு நின்றுவிடுகிறது

ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கும் எழுதி ஒட்டுகிறோம். புதன் வந்தால் வெண்டைக்காய் வாடிவிட்டது, மாவு புளித்துவிட்டது, ராத்திரி பரோட்டா பார்சல். திட்டத்தைப் பெரும்பாலும் ஆசைப்படி எழுதுகிறோம், காயின் ஆயுளைப் பார்த்து எழுதுவதில்லை. கீரை வாங்கின அன்றைக்கே. வெண்டை, கத்தரி, அவரை மூன்று நாளுக்குள். கேரட், பீட்ரூட், கோஸ், சௌசௌ, பூசணி வியாழனுக்கு மேல். உருளையும் வெங்காயமும் காற்றுப் படும் கூடையில், தனித்தனியாக. கொத்தமல்லியின் வேரை நறுக்கிப் பேப்பரில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் இரண்டாம் நாளே அழுகும்.

ஏழு நாளும் எழுத வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஐந்து நாள் எழுதி, இரண்டு நாளை வெறுமனே விடுங்கள். ஷிஃப்ட் மாறும், சொந்தக்காரர் வருவார், தண்ணீர் வராது. அந்த இரண்டு நாளுக்கு ஒரு புளிக்காய்ச்சல் பாட்டிலும் ஆறு முட்டையும் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் விடும் நாள் தெரிந்த தெருவானால் அரைக்கும் வேலையையும் கீரை, மீன் கழுவும் வேலையையும் அந்த நாளிலேயே வையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 35 கிராம் பருப்பு என்று கணக்குப் போட்டால் மிஞ்சாது.

சின்னச் சின்னக் கோளாறுகள்

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது குழம்பைக் குடிக்கும், உப்பை மட்டும் பிரித்து எடுக்காது. உப்பில்லாத வெந்த பருப்பையோ புளித்தண்ணீரையோ சேர்த்துப் பெருக்குவதுதான் வழி. கூடுதலானதை ராத்திரிக்கு வையுங்கள்.

வெண்டைக்காய் வழவழப்பது ஈரத்தால். கழுவித் துடைத்து நறுக்கி, மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள்.

அடுப்புச் சுடர் மஞ்சளாகிப் பாத்திர அடி கறுக்கிறதென்றால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. ஆறின பிறகு வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, முழுக்க உலர்ந்ததும் மாட்டுங்கள். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906க்கு அடியுங்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் நாலு மணி தாண்டினதும் மீன், கறி, பால், வடித்த சோறு நாலையும் எடுத்துவிடுங்கள். மாவு, ஊறுகாய், புளிக்காய்ச்சல் இன்னும் ஒரு நாள் தாங்கும்.